பாஸ் 302, இசட்/28: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

1969 மாடல் மஸ்டாங் பாஸ் 302 ஃபோர்டு தயாரித்த கார். அதே ஆண்டின் கமாரோ இசட்/28 செவ்ரோலே தயாரித்தது. டிரான்ஸ்-ஆம் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் எஞ்சின் அளவுக்கு இருந்த 5 லிட்டர் வரம்பை மனத்தில் வைத்தே இரண்டும் உருவாயின. இரண்டிலும் எஞ்சின் 302 கன அங்குலம், சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், பிஸ்டன் ஓட்டம் 3 அங்குலம். அறிவித்த திறனும் இரண்டுக்கும் 290 குதிரைத்திறன். "அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே" என்று முடிவு கட்டுபவர்கள் முதல் படியிலேயே சறுக்குகிறார்கள்.

பாஸ் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் வால்வுகளும் காற்றுப் பாதைகளும் மிகப் பெரியவை. வேகம் ஏற ஏற அது நன்றாக மூச்சு விடும். நெரிசலில் ஊர்ந்தால் சோம்பல் காட்டும். பந்தயத் தடத்துக்கு அது வரம், கடைத்தெருவுக்கு அல்ல. அந்த 290-ஐ இன்றைய காரின் எண்ணோடு நிறுத்துப் பார்ப்பதும் தவறு. காற்று வடிகட்டி, சைலன்சர் போன்றவை இல்லாமல் எஞ்சினை மேடையில் ஓட்டி அளந்த காலம் அது. 1972இல் அளவுமுறை மாறியது. முந்தைய ஆண்டு 270 என்றிருந்த, செவ்ரோலேயின் ஸ்போர்ட்ஸ் காரான கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் 200 ஆனது. எஞ்சின் மெலியவில்லை, தராசுதான் மாறியது. கால் மைல் ஓட்ட நேரங்களை ஒப்பிடுபவர்கள் பின் அச்சின் கியர் விகிதத்தையும் கேட்டுவிடுவது நல்லது, எண் கூடினால் புறப்பாடு விரைவாகும்: இசட்/28இல் வழக்கமாக 3.73, பாஸில் 3.50.

பராமரிப்பில் நான் அதிகம் அஞ்சுவது டேப்பட் (வால்வைத் திறக்க உந்தும் பாகம்) சத்தத்தைத்தான். இரண்டிலும் இருப்பது எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளாத டேப்பட்கள். டிக் டிக் என்று தட்டிக்கொண்டேதான் இருக்கும். இசட்/28இல் எஞ்சின் சூடாக இருக்கையில் வால்வு இடைவெளி 0.030 அங்குலம் வேண்டும், ஏறத்தாழ ஒரு ஏடிஎம் அட்டையின் தடிமன். சத்தம் பொறுக்காமல் அதை இறுக்கிவிட்டால் வால்வு முழுதாக மூடாது. சூட்டை ஹெட்டுக்குக் கடத்த வழியின்றி விளிம்பு கருகும். துத்தநாகச் சேர்க்கை குறைந்த இன்றைய கார் எண்ணெயை ஊற்றினால் டேப்பட்களை உந்தும் சுழல் தண்டான கேம்ஷாஃப்ட் தேயும். அதற்கேற்ற எண்ணெயைத் தேடி வாங்கத்தான் வேண்டும்.

உதிரிபாகத்தில் கமாரோ பக்கமே என் ஓட்டு. செவ்ரோலேயின் சிறிய வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின் குடும்பத்துக்குப் பாகங்கள் தாராளம். பாஸின் ஹெட் அப்படியல்ல. அதன் அசல் பிஸ்டன்கள் 'பாவாடை' எனப்படும் கீழ்ச் சுவர்ப் பகுதியில் விரிசல் விடுவதும் தெரிந்த சங்கதி.

ஆனால் போலி கமாரோக்கள் மலிந்திருக்கின்றன. பாஸின் அடையாள எண்ணில் ஐந்தாம் எழுத்து 'ஜி' என்றால் எஞ்சின் எது என்பது தெளிவு. 1969 கமாரோவின் எண் வி8 என்பதோடு நின்றுவிடும். எஞ்சின் பிளாக்கின் முகப்பில் 'டிஇசட்' என்ற முத்திரை இருக்கிறதா, அது பின்னால் பொறித்ததா என்று டார்ச்சோடு குனிந்து பார்க்க வேண்டும்.