ஊருக்கு உழைத்தவரைப் பாராட்டப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நூலக வாசகர் வட்டம் சார்பில் வருடா வருடம் அக்டோபர் 2 அன்று, காலையில் கிராம சபை முடிந்ததும் மாலையில், ஊருக்கு உழைத்தவர்களைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறோம். முதல் வருடம் ஓர் அப்பாயிக்கு, அதாவது ஒரு பாட்டிக்கு, சான்றிதழ் கொடுத்தோம். நடுராத்திரியில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் கிடைத்த வண்டியிலோ 108-லோ கூடவே ஏறிப் போவார். தாயும் பிள்ளையும் நலம் என்று தெரிந்த பிறகுதான் வீடு திரும்புவார். இருபது வருடத்துக்கு மேல் இப்படித்தான்.

சான்றிதழை வாங்கியவர் மேடையிலேயே விரித்து, ஆள்காட்டி விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார். "தம்பி, இது எம்பேரு இல்லையே" என்றார். அவர் பெயரில் வரவேண்டிய 'ள்ளி', 'ல்லி' என்று அச்சாகியிருந்தது. "ஒரு எழுத்துதானே அப்பாயி, விடுங்க" என்றார் பக்கத்தில் நின்றவர்.

அந்த அப்பாயி எழுதப் படித்தது அறிவொளி இயக்கத்தில். 1991-ல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது எங்கள் மாவட்டத்தில் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் அது. பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகியதும் அப்போதுதான். பகலெல்லாம் நடவும் களையெடுப்பும், ராத்திரியில் தெருவிளக்கடியில் சிலேட்டும் பலப்பமும். அதுவரை கைநாட்டு வைத்தவர். "அந்த 'ள'வை வளைச்சுப் பழகவே எனக்கு ஒரு வாரம் ஆச்சு" என்று பிறகொரு நாள் சொன்னார். அந்த எழுத்தைத்தான் நாங்கள் மாற்றிப் போட்டிருந்தோம். அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் யாராவது ஒருத்தர் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை.

இத்தனை வருடத்தில் நாங்கள் செய்ததும், மற்ற ஊர்களிலும் மாவட்டத் தலைநகரிலும் பார்த்ததுமான தவறுகளை யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான். விழாவை முதலில் முடிவு செய்கிறோம். தேதி, பந்தல், மைக் செட், சிறப்பு விருந்தினர் எல்லாம் முடிந்த பிறகு, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆள் தேடுகிறோம். ஆளிடமிருந்து தொடங்கினால் பாதித் தவறு வராது.

யாரைக் கேட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம்?

பெரும்பாலும் தலைவர், முன்னாள் தலைவர், பணம் கொடுத்தவர் என்று நாலு பேர் உட்கார்ந்து பட்டியல் போடுகிறார்கள். அவர்கள் கண்ணில் படுகிறவர்கள்தான் அதில் வருவார்கள். வாட்ஸ்அப் குழுவில் படம் போடுகிற இளைஞர் வருவார். பள்ளிக்கூட வாசலில் தினமும் நின்று பிள்ளைகள் ரோட்டைக் கடக்க உதவும் ஊனமுற்ற பெரியவர் வரமாட்டார்.

நாங்கள் இப்போது மூன்று இடத்தில் விசாரிக்கிறோம்: நூறு நாள் வேலை நடக்கிற இடம், ரேஷன் கடை வரிசை, சத்துணவுக் கூடம். கேட்கிற கேள்வியும் முக்கியம். "நல்ல சேவை செய்றவங்க யாரு?" என்று கேட்டால் பழைய பெயர்களையே சொல்வார்கள். "உங்க வீட்டுல ஒரு கஷ்டம்னு வந்தப்ப யாரு முதல்ல ஓடி வந்தாங்க?" என்று கேளுங்கள். அதுவரை காதில் விழாத பெயர்கள் வரும்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசி முடிக்க முடியாது. புயல் மழை என்றால் வாய்க்கால் அடைப்பை இறங்கி எடுப்பதும், செத்த மாட்டை அப்புறப்படுத்துவதும், குழி வெட்டுவதும் காலனித் தெரு ஆட்களாகவே இருப்பார்கள். பாராட்டுப் பட்டியலில் மட்டும் அந்தத் தெரு இருக்காது. கேட்டால், "அது அவங்க வழக்கமா செய்றதுதானே" என்று பதில் வரும். அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள். பெயரைச் சேர்த்துவிட்டு, மேடையில் எல்லாருக்கும் நாற்காலி போட்டு அவரை மட்டும் ஓரமாக நிற்க வைப்பது அதைவிடக் கொடுமை. சுதந்திர தினத்தில் பட்டியலின ஊராட்சித் தலைவர்கள் தடையில்லாமல் தேசியக் கொடி ஏற்றுவதை உறுதி செய்யுங்கள் என்று 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்த மாநிலம் இது. அதனால் விழாவைக் கோயில் மண்டபத்தில் வைக்காமல் பள்ளிக்கூடத்தில் வையுங்கள். எல்லாரும் தயங்காமல் வந்து உட்காரக்கூடிய இடம் ஊரில் அனேகமாக அது ஒன்றுதான்.

நேரம்

காலை பத்து மணி என்று அழைப்பிதழில் போட்டு, சிறப்பு விருந்தினர் ஒரு மணிக்கு வந்தால், பாராட்டப்படுகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. நடவு நேரத்திலும் அறுப்பு நேரத்திலும் விழா வைத்தால் வரவே மாட்டார்கள். வந்தாலும் மனசு வயலில் இருக்கும். மாவட்டத் தலைநகரில் குடியரசு தினத்தன்று காலையில் நற்சான்றிதழ் வாங்க வேண்டுமென்றால், கடற்கரையோரக் கிராமத்துப் பெண் இருட்டோடு கிளம்ப வேண்டும். முதல் பஸ் எத்தனை மணிக்கு, கூட வருகிற துணைக்கு உட்கார இடம் உண்டா, டிபன் உண்டா என்று யாரும் யோசிப்பதில்லை. வண்டி ஏற்பாடு செய்ய முடியாவிட்டால் பஸ் செலவையாவது முதல் நாளே கையில் கொடுத்துவிடுங்கள். விழா முடிந்து "பில் கொண்டு வாங்க" என்று கேட்காதீர்கள்.

சால்வையும் கேடயமும்

எங்கள் பக்கம் கிணறுகள் ஆழம். யாராவது தவறி விழுந்தால் தீயணைப்பு வண்டி வருவதற்குள் ஓடி வந்து இறங்குகிற ஒருத்தர் பக்கத்து ஊரில் இருக்கிறார். உயிரோடு தூக்கியதும் உண்டு, உடலாக எடுத்ததும் உண்டு. காசு வாங்குவதில்லை. அவருக்குச் சால்வை போட்டோம். அந்தச் சால்வையை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, சங்கடத்தோடு, "தம்பி, தப்பா நெனைக்காதீங்க. அடுத்த தடவை இதுக்குப் பதிலா நல்ல வடக்கயிறு ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது. மாட்டுக் கொட்டகை உத்தரத்தில் தொங்கிய கயிற்றில் இரண்டு இடத்தில் முடிச்சு. நைந்த இடத்தை வெட்டிப் போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை கிணற்றிலும் இறங்கியிருக்கிறார்.

அன்று முதல், என்ன கொடுப்பது என்பதை அவர்களிடமே கேட்டுவிடுகிறோம். கிணற்றுக்காரருக்கு நூறடி நைலான் கயிறும் ஒரு லைஃப் ஜாக்கெட்டும். திண்ணையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் அக்காவுக்கு ஒயிட் போர்டும் எல்இடி விளக்கும். "எதுவும் வேண்டாம், என் மகன் காலேஜ் சேர ஒரு ஃபார்ம் நிரப்பிக் கொடுங்க" என்று கேட்டவரும் உண்டு.

மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில் ஆயி என்கிற பூரணம் அம்மாள், 2024 ஜனவரியில் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தார். சந்தை மதிப்பு 7 கோடி ரூபாய் என்று செய்திகள் வந்தன. அந்த மாதமே குடியரசு தின விழாவில் முதலமைச்சர் கையால் சிறப்பு விருதும் கிடைத்தது. ஆனால் அவர் தனக்கென்று எதுவும் கேட்கவில்லை. இறந்துபோன தன் மகள் ஜனனியின் பெயரைப் பள்ளிக்கு வைக்க வேண்டும் என்றுதான் கேட்டார். ஒருவருக்கு எது மரியாதை என்பது அவர் வாயாலேயே வரவேண்டும். நாம் ஊகித்து வாங்கிப் போகிற பொருளில் அது அனேகமாக இருக்காது.

ஃப்ளெக்ஸ் பற்றி ஒரு வார்த்தை. பாராட்டப்படுகிறவர் படம் ஸ்டாம்பு அளவில் ஒரு மூலையிலும், அழைக்கப்பட்டவர்கள் படம் ஆளுயரத்திலும் இருந்தால் அது யாருடைய விழா? ஃப்ளெக்ஸே வேண்டாம் என்று நாங்கள் நிறுத்திவிட்டோம். மிச்சமான காசில்தான் கயிறு வந்தது.

மேடையில் என்ன பேசுவது

"தன்னலமற்ற சேவையாளர்", "ஏழைப் பங்காளர்" என்று பொதுவாக நாலு வரி சொல்லி மாலை போடுவது வேண்டாம். யாருக்கு, எப்போது, என்ன செய்தார் என்று ஒரே ஒரு சம்பவத்தை, முடிந்தால் பயன்பெற்றவரே சொல்லட்டும். அப்பாயியால் ஆஸ்பத்திரியில் பிறந்த பையன் இப்போது பிளஸ் டூ படிக்கிறான். அவன் மைக்கில் பேசியது இரண்டு நிமிடம்கூட இருக்காது. அதற்குப் பிறகு யாரும் பேச வேண்டியிருக்கவில்லை.

ஆனால் பயன்பெற்றவரைச் சம்மதம் கேட்காமல் மேடையேற்றாதீர்கள். தற்கொலைக்குப் போய்க் காப்பாற்றப்பட்டவர், குடியிலிருந்து மீண்டவர், கணவன் அடித்து வீட்டை விட்டு வந்த பெண், இவர்கள் கதை அவர்களுடையது. பாராட்டப்படுகிறவரின் வறுமையைச் சொல்லிக் கூட்டத்தை அழ வைப்பதும் அப்படித்தான். "கூரை வீட்டில் இருந்துகொண்டு இவ்வளவு செய்கிறார்" என்று மைக்கில் சொல்லும்போது, அவர் பிள்ளைகள் முன்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சம்பளத்தைச் சேவை என்று பூசி மெழுகுவது இன்னொரு தவறு. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் மாலை 5 முதல் 7 மணி வரை பாடம் நடத்தினார்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. கொரோனா முடக்கிப் போட்ட பிள்ளைகளை மறுபடி எழுத்துக்கு இழுத்து வந்ததில் அவர்கள் பங்கு பெரிது. அவர்களைப் பாராட்டுவது சரி. ஆனால் தொகை வரத் தாமதமானது என்று அவர்கள் சொல்ல வந்தால், "சேவைக்குக் காசு பார்க்கலாமா" என்று வாயை அடைக்கக் கூடாது.

ஒருத்தருக்கா, எல்லாருக்குமா?

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்து ரோடெல்லாம் அடைத்துக் கிடந்தன. முதலில் ரோட்டைத் திறந்தது ஊர்ப் பையன்கள்தான். அரிவாள், கோடாலி, யார் வீட்டிலோ இருந்த ஒரு மரம் அறுக்கும் மெஷின். கம்பம் நட வெளி மாவட்டங்களிலிருந்து வந்த மின் ஊழியர்களுக்குச் சாய்ந்த வீடுகளிலிருந்துதான் சோறு போனது. பிறகு பக்கத்து ஊர் ஒன்றில், அந்தப் பையன்களில் ஒருவனை மட்டும் கூப்பிட்டு விருது கொடுத்தார்கள். நல்ல பையன், தகுதியானவன்தான். அடுத்த மழைக்கு வாய்க்கால் வெட்டக் கூப்பிட்டபோது, "விருது வாங்குனவன் போய் வெட்டட்டும்" என்று பாதிப் பேர் வரவில்லை. அவனும் மனசு உடைந்து திருப்பூருக்குப் போய்விட்டான்.

கூட்டாகச் செய்த வேலைக்குக் கூட்டாகவே மரியாதை செய்யுங்கள். அத்தனை பெயரையும் மேடையில் வாசியுங்கள், பத்து நிமிடம்தான் ஆகும். "மற்றும் பலர்" என்று முடிக்காதீர்கள். சமைத்துக் கொடுத்த பெண்கள் பெயர்தான் எப்போதும் அந்தப் 'பலர்' என்பதற்குள் போய்விடுகிறது. கிராம சபைத் தீர்மானமாகப் பெயர்களை எழுதி வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. செலவில்லாத, நோட்டில் நிலைக்கிற மரியாதை அது.

விருதுக்குப் பிறகு

களஞ்சியம் என்ற பெண்கள் சுயஉதவிக் குழு இயக்கத்தின் சின்னப்பிள்ளை அம்மாளின் காலைத் தொட்டு வாஜ்பாய் வணங்கிய படம் பலருக்கும் நினைவிருக்கும். 2001-ல் ஸ்திரீ சக்தி விருது வாங்கிய மேடை அது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. ஆனால் 2024-ல், தனக்கு வீடு கிடைக்கவில்லை என்று அவரே வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் கனவு இல்லம் திட்டத்தில் மாநில அரசு வீட்டுக்கு உத்தரவு போட்டது. நாடறிந்தவருக்கே இப்படியென்றால், உள்ளூர் மேடையில் சான்றிதழ் வாங்கிப் போனவரின் முதியோர் உதவித்தொகை நின்றுபோனால் யாருக்குத் தெரியும்? விழா முடிந்த மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் யாராவது வீட்டுக்குப் போய் வாருங்கள். பாராட்டிய ஒரே காரணத்துக்காக ஊரின் அத்தனை வேலையையும் அவர் தலையில் கட்டாமலும் பாருங்கள்.

கடைசியாக, அரசு விருதுகள். "தகுதியிருந்தால் அவர்களே தேடி வந்து கொடுப்பார்கள்" என்று ஊரில் நினைக்கிறார்கள். உடல் உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்குக்கு 2023 முதல் கிடைக்கும் அரசு மரியாதை ஒன்றுதான் எனக்குத் தெரிந்து அப்படித் தானாக வீடு தேடி வருகிறது. மற்றவற்றுக்கு எழுதிப் போட வேண்டும். வீரதீரச் செயலுக்கு அண்ணா பதக்கம், மத நல்லிணக்கத்துக்குக் கோட்டை அமீர் விருது, இரண்டும் ஜனவரி 26-ல். துணிச்சலான பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது, ஆகஸ்ட் 15-ல். பெண்கள் முன்னேற்றத்துக்கு உழைத்தவர்களுக்கு ஔவையார் விருது, மார்ச் 8-ல். பத்ம விருதுக்குக்கூட யார் வேண்டுமானாலும் யாரையும் இணையத்தில் பரிந்துரைக்கலாம். செய்த பணியை 800 வார்த்தைக்குள் எழுதித் தர வேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். இருபது வருடம் உழைத்தவரிடம் ஒரு தேதி இருக்காது, ஒரு படம் இருக்காது, ஒரு பேப்பர் கட்டிங் இருக்காது. அதை எழுதி வைப்பது நம் வேலை.

கிணற்றுக்காரருக்காக இப்போது ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். எந்த ஊர், யார் கிணறு, எந்த வருடம் என்று கேட்டால் அவருக்கு வருடம் நினைவில்லை. "அது கஜாவுக்கு முந்தின கோடை", "அப்ப எம்மக அஞ்சாவது படிச்சா", "அந்த வருசம் கிணத்துல தண்ணி மேல வரைக்கும் கெடந்துச்சு" என்று சொல்கிறார். நூலகத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் வருடக் கணக்காக மாற்றி எழுதுகிறோம். சந்தேகம் வந்தால் அந்தந்த ஊருக்கு ஆள் அனுப்பிக் கேட்டுக்கொள்கிறோம். இதுவரை பதினேழு கிணறு எழுதியாகிவிட்டது.