கணுக்காலில் திரும்பத் திரும்ப வரும் தடம்: எதில் படுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி

என் இடது கணுக்காலின் வெளிப்பக்க எலும்பில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு தடம் வந்துகொண்டே இருந்தது. நான்கு நாள் கட்டிலில் கிடந்தால் மறையும். சக்கர நாற்காலியில் ஏறி இரண்டு நாளில் அதே இடத்தில் திரும்பவும் வரும். இப்படியே மூன்று மாதம் போனது. கிறீம் பூசிப் பார்த்தேன். அம்மா வேப்பிலை அவித்த தண்ணீரால் கழுவிவிட்டா. தோலில் ஏதோ வருத்தம் என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தோம். கடைசியில் பார்த்தால், பிழை நாற்காலியில் நான் இருந்த மெத்தையில்.

நான் விசுவமடுவில் சின்னக் கடை ஒன்று நடத்துகிறேன். 2009 இல் போரில் இடம்பெயர்ந்து தேவிபுரத்தில் இருந்தபோது செல் துண்டு முள்ளந்தண்டில் பட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்வு இல்லை. காலில் முள் குத்தினாலும் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். என்னைப் போல நாற்காலியில் இருப்பவர்கள் வன்னியில் பலர் இருக்கிறார்கள். அவர்களையும் அவர்களைப் பார்க்கும் அம்மா, மனைவி, தங்கைமாரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தடம் எப்படிப்பட்டது என்று பாருங்கள். விரலால் மூன்று நான்கு செக்கன் அழுத்தி விடுங்கள். அழுத்திய இடம் வெளிறி, பிறகு நிறம் திரும்பினால் இரத்தம் ஓடுகிறது. வெளிறாமல் அப்படியே நின்றாலும், காலை எதிலும் படாமல் வைத்து அரை மணித்தியாலம் கழித்தும் தடம் மறையாவிட்டாலும் அது அழுத்தப் புண்ணின் தொடக்கம். எங்கள் நிறத்துக்குச் சிவப்பு நன்றாகத் தெரியாது என்பதை மறக்க வேண்டாம். கறுப்பாகவோ ஊதாவாகவோ தெரியலாம். அதனால் தொட்டும் பார்க்க வேண்டும். புறங்கையை வைத்து மற்றக் காலோடு ஒப்பிட்டால் அந்த இடம் சூடாகவோ குளிராகவோ, கல்லுப் போலவோ சதசதவென்றோ இருப்பது தெரியும். உள்ளங்காலையும் குதிக்காலையும் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடி போதும், இல்லாவிட்டால் போனில் படம் எடுங்கள். நான் காலையில் மேஸ் போட முன்பும், பின்னேரம் கழற்றியதும் பார்க்கிறேன். காலையில் இருந்தால் கட்டிலில் வந்தது, பின்னேரம் இருந்தால் நாற்காலியிலோ சப்பாத்திலோ வந்தது. இந்த ஒரு வித்தியாசமே பாதி விடையைத் தரும்.

மீதிப் பாதிக்கு நான் செய்தது இது. தோல் உடையாத அந்த எலும்பில் முகப் பவுடரைத் தடவிக்கொண்டு, வழக்கம்போல கடையில் அரை மணித்தியாலம் இருந்தேன். பிறகு தங்கை குனிந்து பார்த்தாள். நாற்காலியில் பாதம் வைக்கும் கால் தட்டைத் தாங்கும் கறுப்புக் குழாயில் வெள்ளைக் கோடு. நீளப் பாவாடை மூடியிருந்ததால் அதுவரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஏன் அங்கே போய்ப் பட்டது? மூன்று மாதத்துக்கு முன்பு எனக்கு இரண்டு அங்குலம் தடிப்பான புது மெத்தை கிடைத்திருந்தது. நான் உயர்ந்துவிட்டேன், கால் தட்டு பழைய உயரத்திலேயே இருந்தது. பாதம் தட்டில் முழுதாகப் பதியாமல் தொங்கியது. கால் தானாக வெட்டி இழுக்கும்போது இடது பாதம் வெளியே சரிந்து குழாயில் சாய்ந்தது. சைக்கிள் கடைத் தம்பி ஸ்பனரால் தட்டை உயர்த்திப் பூட்டினான், பத்து நிமிட வேலை. அதற்குப் பிறகு அந்தத் தடம் வரவே இல்லை.

தட்டின் உயரம் சரியா என்று பார்க்க, தொடை மெத்தையில் முழு நீளத்துக்கும் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் தொடைக்கும் மெத்தைக்கும் இடையில் உள்ளங்கை பெரிய இடைவெளி இல்லாமல் நுழைந்தால் நல்லது. தட்டை அளவுக்கு மிஞ்சி உயர்த்தினால் முழங்கால் மேலே எழும்பி, பாரம் முழுக்கப் பிட்டத்துக்கு வந்து அங்கே புண் வரும். அது காலில் வருவதை விட மோசம். நிலத்துக்கும் தட்டுக்கும் இடையில் இரண்டு அங்குலமாவது வேண்டும், எங்கள் கிரவல் ஒழுங்கைகளுக்கு அதைவிடக் கூட இருந்தால் நல்லது. மெத்தையை மாற்றினால் அன்றைக்கே தட்டையும் பாருங்கள். மெத்தை தருபவர்கள் இதைச் சொல்லித் தர வேண்டும். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை, அது இன்னும் மனதில் நிற்கிறது.

வேறு இடத்தில் வந்தால் வேறு பொருளைத் தேடுங்கள். சின்ன விரலின் பக்கத்தில் வந்தால் சப்பாத்து ஒடுக்கம். பெருவிரல் நுனியில் வந்தால் சப்பாத்து நீளம் போதாது. பாதத்தின் மேலே கோடாக வந்தால் செருப்பு வார். உள்ளங்காலுக்குக் குறுக்கே வந்தால் தட்டின் விளிம்பு. குதிக்காலில் வந்தால் தட்டின் பின்பக்கப் பட்டி, அல்லது கட்டில்.

சப்பாத்துப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கால் தொங்கியே இருப்பதால் பின்னேரம் வீங்கும், சித்திரை வெயிலில் இன்னும் கூட. காலையில் அளவாக இருந்த சப்பாத்து நான்கு மணிக்கு இறுக்கும். அதனால் பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அரை அளவோ ஓர் அளவோ பெரிதாக எடுங்கள். உள்ளே தையல் முடிச்சு துருத்துகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் போட முன்பு கையை உள்ளே விட்டுத் துழாவுங்கள், எனக்கு ஒருநாள் நெருஞ்சி முள் அகப்பட்டது. மத்தியானம் அரை மணித்தியாலம் காலை உயர்த்திப் படுத்தால் வீக்கம் குறையும். ஆனால் ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால் அது வேறு விஷயம். இரத்தக் கட்டியாகவோ தெரியாமல் முறிந்த எலும்பாகவோ இருக்கலாம். கசக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெயிலில் நிறுத்திய நாற்காலியின் இரும்புத் தட்டும் சுடும். புறங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே காலை வையுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போனால் சைலன்சர் பக்கம் கவனம். நீர்க்கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம்.

இரவில் கெண்டைக்காலின் நீளத்துக்குத் தலையணை வைத்து, குதிக்கால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி படுங்கள். துணி வளையம் செய்து குதியை அதற்குள் வைப்பது கூடாது, வளையமே சுற்றியுள்ள இடத்தை அழுத்தும். சின்னச் சின்னக் கடிகாயம் போலத் தெரிந்தால் எலியையும் எறும்பையும் சந்தேகியுங்கள். உணர்வில்லாத காலை எலி கடித்தால் விழிப்பு வராது. நுளம்பு வலையை மெத்தைக்குக் கீழே செருகுங்கள்.

தடத்தைத் தேய்க்கவோ சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். அந்த இடத்தில் எதுவும் படாமல் வைத்திருப்பதுதான் மருந்து. காய்ந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் மெல்லியதாகப் பூசலாம், விரல் இடுக்குகளில் மட்டும் வேண்டாம். அங்கே ஈரம் துடைத்துக் காய வேண்டும். நகத்தை நேராக வெட்டுங்கள். தோல் உடைந்தால், கறுத்தால், சீழோ மணமோ காய்ச்சலோ வந்தால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டுப் போய்க் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் தடம் மறையாத முதல் நாளே போக வேண்டும்.

நெஞ்சு மட்டத்திலோ கழுத்திலோ காயப்பட்டவர்களுக்கு இன்னொன்று. இறுக்கிய சப்பாத்தோ உள்ளே வளர்ந்த நகமோ கூட இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடும். தலையைப் பிளக்கும் வலி, முகம் சிவந்து வியர்வை வந்தால் படுக்க விடாமல் நிமிர்த்தி இருத்துங்கள். சப்பாத்தையும் பட்டிகளையும் கழற்றுங்கள், போட்டிருக்கும் சிறுநீர்க் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

கிளினிக்குப் போகும்போது உங்கள் சொந்த நாற்காலியிலேயே, வழமையான மெத்தையோடும் சப்பாத்தோடும் போங்கள். கட்டிலில் ஏற்ற முன்பு, நாற்காலியில் கால் நிற்கிற விதத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னேரம் எடுத்த படங்களையும் திகதியோடு காட்டுங்கள்.