கெங்கரை வென்ற ஆந்தை

போக்கிமான் ஹார்ட்கோல்ட் வீடியோ விளையாட்டில், எக்ருடீக் நகரின் ஜிம் (போட்டிக்கூடம்) தலைவர் மார்ட்டியின் 25ஆம் நிலை கெங்கர் என்ற பேய் வகைப் போக்கிமானிடம் நான்கு நாள்கள் தோற்றேன். நார்மல் வகைப் போக்கிமானுக்குப் பேய்த் தாக்குதலான ஷேடோ பால் படாது என்று நம்பி இறக்கிய என் ராட்டிகேட், உறங்க வைக்கும் ஹிப்னாசிஸில் உறங்கி, சக்கர் பஞ்ச் என்ற தாக்குதலில் வீழ்ந்தது. அதன் நார்மல் தாக்குதல்களும் பேய் மீது படவில்லை. உறக்கம் கலைக்கும் அவேக்கனிங் மருந்தைக் கொடுத்து எழுப்பினாலும், அடுத்த முறையிலேயே மீண்டும் உறங்கியது.

பிறகு ஆந்தைப் போக்கிமானான நாக்டவுலை இறக்கினேன், அதுவும் உறங்கியது. விவரப் பக்கத்தைப் பார்த்தபோதுதான், அதன் திறன் உறக்கத்தைத் தடுக்காத கீன் ஐ என்பது தெரிந்தது. நாக்டவுலின் முந்தைய வடிவமான ஹூட்ஹூட்டில், தோற்றத்தில் வேறுபாடே இல்லாத இன்னொன்றைப் பிடித்தேன்; அதற்கு உறங்கவே விடாத இன்சோம்னியா திறன் இருந்ததால், அதை 20ஆம் நிலையில் நாக்டவுலாக்கினேன். இம்முறை ஹிப்னாசிஸ் பலிக்கவில்லை. முதலில், நார்மல் தாக்குதல்களைப் பேய் மீதும் பட வைக்கும் ஃபோர்சைட்டைப் பயன்படுத்தினேன். அது தாக்குதல் அல்லாததால், எதிரி தாக்க முனைந்தால் மட்டுமே பலிக்கும் சக்கர் பஞ்சும் வீணானது. அதன்பின் என் சாதாரண நார்மல் வகைத் தாக்குதலான டேக்கிளே கெங்கர் மீது பட்டது. பெரும் நிம்மதி.