சொல்லாமல் விட்ட காதலை ஒரு பழைய பாட்டு கிளப்பிவிட்டால்

முதலில், அந்தப் பாட்டை நிறுத்தாதீர்கள். எங்கேயோ எதிர்பாராமல் காதில் விழுந்து, பதினெட்டு வயதில் பார்த்த ஒரு முகமும் அதனிடம் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்து நிற்கும்போது, கை தானாகவே அடுத்த பாட்டுக்குப் போகும். விடாதீர்கள், கடைசி வரை ஓடட்டும்.

இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. நடுவயதைத் தாண்டியவர்களைக் கேட்டால், சுமார் பத்து வயதிலிருந்து முப்பது வரை நடந்தவைதான் அவர்களுக்கு அதிகமாக நினைவிருக்கின்றன. 2009ல் பெட்ர் ஜனாட்டா என்ற அமெரிக்க ஆய்வாளர், இளமையில் கேட்ட பாட்டுத் துணுக்குகளைப் போட்டுக்காட்டி மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் ஒரு பகுதி, பாட்டையும் சொந்த நினைவையும் சேர்த்துக் கட்டிவைப்பது தெரிந்தது. நம்மைப் பற்றி நாமே யோசிக்கும்போது வேலை செய்வதும் அதே பகுதிதான். அதனால் பாட்டு அழைத்து வருவது அந்த ஆளை என்று நினைத்தாலும், கூடவே அன்றைய நீங்களும் வருகிறீர்கள். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவது ஆள்தான்.

சரி, எப்படிக் கேட்பது? தனியாக, ஹெட்போனில், முன்னிசையிலிருந்து, வேறு வேலை எதுவும் செய்யாமல். அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் சுற்றிலும் பாருங்கள்: எங்கே நின்றீர்கள், கையில் என்ன இருந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள். முடிந்ததும் எழுதுங்கள், இரண்டு பக்கமாக. ஒன்றில் உறுதியாக நடந்தது, இன்னொன்றில் நடந்ததாக நீங்கள் நினைப்பது. 'அவளுக்கும் என்மேல் விருப்பம் இருந்தது' என்பது எந்தப் பக்கம் போகும்? நேர்மையாக எழுதினால் பெரும்பாலானவை இரண்டாவது பக்கத்தில்தான் விழும், ஏனென்றால் நினைவு என்பது எடுக்கும்போதெல்லாம் கொஞ்சம் மாறித் திரும்ப உள்ளே போகிற ஒன்று, பாட்டின் உருக்கமும் அதில் ஏறியிருக்கும்.

அப்புறம், சொல்லாமல் விட்ட அந்த வார்த்தை. 1994ல் தாமஸ் கிலோவிச், விக்டோரியா மெட்வெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் எழுதியது இது: செய்த தவறு அப்போதைக்கு அதிகம் வலிக்கும், ஆனால் வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது செய்யாமல் விட்டதுதான் அதிகம் உறுத்தும். செய்ததற்கு ஒரு முடிவு இருக்கிறது, செய்யாததை மனம் இஷ்டத்துக்கு நீட்டிக்கொண்டே போகும். ஆகவே அந்த வார்த்தையை இன்று முழுசாக எழுதிவிடுங்கள். அதற்குக் கீழே, அன்று ஏன் வாய் வரவில்லை என்பதையும் எழுதுங்கள். கூச்சமா, வீட்டுப் பயமா, கையில் வேலை இல்லாததா, மறுத்துவிட்டால் பேச்சே நின்றுபோகும் என்ற பயமா? இன்றைய தைரியத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பதினெட்டு வயதைத் திட்டுவது நியாயமே இல்லை. அதனிடம் இருந்ததை வைத்து அது சமாளித்தது.

எழுதியதை அனுப்பாதீர்கள். இரவு பன்னிரண்டு மணிக்கு, பாட்டு ஓடும்போதே பேரைத் தேடிப் போகாதீர்கள். பேசத்தான் வேண்டுமென்றால், பாட்டு கேட்காத ஒரு பகல் பொழுதில் முடிவு செய்யுங்கள், எதிரில் இருப்பவருக்கு இன்று ஒரு முழு வாழ்க்கை இருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்து.

கடைசியாக, அந்தப் பாட்டை ரிங்டோனாகவோ அலாரமாகவோ வைக்காதீர்கள். கேட்கிற ஒவ்வொரு முறையும் அந்தந்த நாள் அதில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். நான் ஒரு பாட்டை மூன்று மாதம் அலாரமாக வைத்திருந்தேன். இப்போது அதன் முதல் வரி வந்தாலே காலை அவசரம்தான் வருகிறது, மாடிப்படியில் நின்று திரும்பிப் பார்த்த அந்த முகம் வருவதில்லை.