வன்னியில் மின்கார்: சேர்விஸ் நிலையம் தூரத்தில் இருந்தால் என்ன செய்வது?

முல்லைத்தீவிலிருந்து மாங்குளம் ஏறக்குறைய 50 கிலோமீற்றர். அங்கிருந்து வவுனியா இன்னொரு 50. கொழும்பு என்றால் வவுனியாவுக்கு அப்பாலும் 250 கிலோமீற்றர் கிடக்கிறது. பற்றறி வயதான ஒரு நிசான் லீஃப் மின்கார், நிறையச் சார்ஜோடு புறப்பட்டாலும் வவுனியா போய்ச் சேருமா என்பது சந்தேகம்தான். அதனால் சின்னச் சின்ன விசயத்துக்கெல்லாம் காரை நகரத்துக்குக் கொண்டு ஓட முடியாது. எதை வீட்டு முற்றத்தில் பார்க்கலாம், எதை ஊர்க் கராஜில் செய்விக்கலாம், எதற்கு மட்டும் நகரத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்துக்கொண்டால் மின்காரோடு வன்னியில் நிம்மதியாக வாழலாம்.

ஜப்பானில் ஓடி இங்கே வந்த லீஃப்தான் எங்கள் பக்கம் அதிகம் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். 2025 பெப்ரவரியில் இறக்குமதி திறந்த பிறகு புதுக்கார் வாங்கியவர்கள் உத்தரவாதக் காலம் முடியும்வரை கம்பனியிடம் கேட்காமல் எதையும் கழற்ற வேண்டாம். மாதப் பரிசோதனைகள் அவர்களுக்கும் பொருந்தும்.

படி 1: தொடக்கூடாததைத் தெரிந்துகொள்ளுங்கள்

பொனற்றைத் திறந்தால் ஒறேஞ்ச் நிறத்தில் தடித்த வயர்கள் தெரியும். அவற்றில் ஓடுவது 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம். அந்த வயரையோ அது போய்ச் சேரும் பெட்டியையோ நீங்களும் தொடாதீர்கள், ஊர் மெக்கானிக்கையும் தொட விடாதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. வாகனம் கழுவும் இடத்தில் பொனற்றுக்குள் வேகத் தண்ணீர் அடிக்கவும் விடாதீர்கள்.

படி 2: சின்னப் பற்றறியைக் கவனியுங்கள்

மின்காரிலும் சாதாரணக் காரில் இருப்பது போன்ற 12 வோல்ட் பற்றறி ஒன்று உண்டு. பெரிய பற்றறியில் எவ்வளவு சார்ஜ் இருந்தாலும், இது படுத்தால் கார் எழும்பாது.

ஒரு மாரிக்கால விடியற்காலை என் கார் ஒட்டுசுட்டானில் அப்படித்தான் நின்றது. மீற்றரில் இருந்த விளக்கெல்லாம் மினுங்கிவிட்டு அணைந்தன. பக்கத்து வீட்டு அண்ணை வந்து பார்த்துவிட்டு, "தம்பி, பெரிய பற்றறி செத்துப்போச்சு போல கிடக்கு" என்றார். தொலைபேசியில் கேட்ட கராஜ்காரரும் பெரிய பற்றறியைத்தான் மாற்றச் சொன்னார், அவர் சொன்ன தொகையைக் கேட்டு அன்று காலைச் சாப்பாடே இறங்கவில்லை. மத்தியானம் வானொலி திருத்தும் தம்பி ஒருவர் மல்ரிமீற்றரோடு வந்து சின்னப் பற்றறியில் வைத்தார். 11.4 வோல்ட். மறை முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. புதுப் பற்றறி போட்டதும் கார் ஒரு சத்தமுமில்லாமல் உயிர்த்தது.

ஆகவே ஒரு மல்ரிமீற்றர் வாங்கி வையுங்கள். கார் இரவு முழுக்க நின்ற பிறகு காலையில் அளவுங்கள். 12.4 முதல் 12.8 வரை இருந்தால் நல்லது. 12க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் பற்றறி மாற்றும் காலம் வந்துவிட்டது. காரை ஓன் பண்ணி அளந்தால் 13க்கு மேல் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் கோளாறு வேறு இடத்தில். முனைகளில் பூப்பூத்திருந்தால் காரை நிறுத்தி, சார்ஜ் வயரைக் கழற்றி, ஐந்து நிமிடம் விட்டு, முதலில் மறை முனையையும் பிறகு நேர் முனையையும் கழற்றுங்கள். சுடுதண்ணீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, நன்றாகக் காய்ந்த பின் வஸ்லின் பூசிப் பூட்டுங்கள். பூட்டும்போது நேர் முனை முதலில்.

படி 3: மாதம் ஒருமுறை முற்றத்தில்

ரயர் காற்று 36 பிஎஸ்ஐ. சாரதிக் கதவோரத்து ஸ்டிக்கரில் இருக்கும், அதையே நம்புங்கள். காற்று குறைந்தால் ஓட்டத் தூரமும் குறையும். கிரவல் வீதியில் ஓடும் காருக்கு உள்காற்று வடிகட்டி சீக்கிரம் செம்மண்ணால் அடைபடும், கழற்றித் தட்டுங்கள். பொனற்றுக்குள் எலி, அணில் கூடு கட்டியிருக்கிறதா என்று ரோர்ச் அடித்துப் பாருங்கள், வயல்கரை வீடுகளில் இது பெரிய தொல்லை. சார்ஜ் போட்டு அரை மணி கழித்துச் சுவர்ப் பிளக்கைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுட்டால் நிறுத்திவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். சார்ஜருக்கென்று தனி லைனும் தனி பிரேக்கரும் நல்ல எர்த்தும் இருக்க வேண்டும். இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றி விடுங்கள்.

படி 4: ஊர்க் கராஜில் பிரேக்

மின்கார் வேகம் குறையும்போது மோட்டாரே காரைப் பிடித்து மின்சாரம் எடுப்பதால் பிரேக் கட்டைக்கு வேலை குறைவு. கட்டை சீக்கிரம் தேயாது, ஆனால் வேலையில்லாமலே கட்டையை அழுத்திப் பிடிக்கும் கலிப்பரின் பின்கள் இறுகிப் போகும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஒரு பக்கக் கட்டை புதிதாகவும் மறுபக்கக் கட்டை தகடாகவும் இருந்தால் காரணம் இதுதான். வருடத்துக்கு ஒருமுறை கழற்றித் துப்புரவாக்கிக் கிறீஸ் போடுவதை எந்த நல்ல மெக்கானிக்கும் செய்வார். அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: "அண்ணை, நடுவில ஜக் வைக்காதேங்கோ, அடி முழுக்கப் பற்றறி." ஜக் வைக்க வேண்டியது ஓரத்தில் குறித்த இடங்களில் மட்டும். வேலை நடக்கும்போது கார் தவறுதலாக ஓன் ஆகாமல் இருக்க, திறப்பை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். வேலை முடிந்ததும் காரை அசைக்கும் முன் பிரேக்கைப் பலமுறை மிதித்து அது கெட்டிப்படுகிறதா என்று பாருங்கள். பிரேக் எண்ணெய் மாற்றுவதை நகரப் பயணத்துக்கு விடுங்கள்.

படி 5: பெரிய பற்றறியின் நிலையைப் படியுங்கள்

காரின் ஓபிடி சொக்கற்றில் (கராஜில் கணினி பூட்டிக் கோளாறு பார்க்கும் இடம்) செருகும் சின்னப் புளூடூத் கருவியும், போனில் லீஃப்ஸ்பை என்ற செயலியும் போதும். வாங்கும்போதே அந்தச் செயலிக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்ஓஎச் என்ற எண், புதிதில் பற்றறிக்கு இருந்த கொள்ளளவில் இப்போது எத்தனை வீதம் மிச்சம் என்று சொல்லும். அதற்குக் கீழே பெரிய பற்றறிக்குள் இருக்கும் 96 சோடிக் கலங்களின் வோல்ட் அளவு தடிகளாக நிற்கும். சில தடிகள் சிவப்பாக இருக்கும். அதைக் கண்டு பயப்படாதீர்கள், கார் கலங்களைச் சமப்படுத்துகிறது என்பதுதான் அதன் பொருள். பார்க்க வேண்டியது உயரத்தை. எல்லாம் ஒரே மட்டத்தில் நின்று, வித்தியாசம் 20, 30 மில்லிவோல்ட் என்றால் நல்லது. சார்ஜ் குறையும் நேரத்தில் ஒரு சோடி மட்டும் நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் கீழே தொங்கினால் அந்தக் கலம் பலவீனம். மாதம் ஒரு படம் எடுத்துத் திகதியோடு வையுங்கள்.

படி 6: நகரத்துக்குப் போகும் முன்

அந்தப் படங்களையும், எச்சரிக்கை விளக்கின் படத்தையும், செயலி காட்டும் பிழைக் குறியீட்டையும் முதலில் கராஜுக்கு வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மோட்டார் மாற்ற வேண்டும், பற்றறி மாற்ற வேண்டும் என்று காரைப் பார்க்காமலே சொல்பவரை விட்டுவிட்டு இன்னொருவரைக் கேளுங்கள். என்ன சாமான் தேவை, கையிருப்பில் உண்டா என்று உறுதிப்படுத்திய பிறகே நாள் குறியுங்கள். சாமான் மட்டும் போதுமென்றால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கி இரவு பஸ்ஸில் போட்டுவிடச் சொல்லலாம், விடியக் கிளிநொச்சியில் இறக்கிக்கொள்ளலாம்.

காரையே கொண்டுபோவதென்றால் இடைத் தரிப்பைத் திட்டமிடுங்கள். 3 கிலோவாட் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் தருவது ஏறக்குறைய 15 கிலோமீற்றர் ஓட்டம். மாங்குளத்தில் தெரிந்த வீடு ஒன்றில் மூன்று மணி நேரம் சாப்பிட்டுப் படுத்தெழும்பினால் வவுனியா எட்டிவிடும். சார்ஜ் போட விட்ட வீட்டுக்குக் கரண்டுக் காசைக் கொடுத்துவிடுங்கள், பத்து யூனிற்றுக்குள்தான் வரும்.

படி 7: வழியில் நின்றுவிட்டால்

எங்கள் ஊரில் வாகனம் நின்றால் உழவு மெசினில் கயிறு கட்டி இழுப்பதுதான் வழக்கம். லீஃப்பை அப்படி இழுக்கக்கூடாது. முன்சில்லு உருண்டால் மோட்டாரும் சேர்ந்து சுழலும், நியூற்றலில் போட்டாலும் அது விடுபடாது. முழுக்காரையும் ஏற்றும் கரியர் லொறி வர வேண்டும், அல்லது முன்சில்லு இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கி இழுக்க வேண்டும். உதவிக்கு வருபவர் கயிற்றோடு இறங்குவதற்குள் இதைச் சொல்லிவிடுங்கள். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் கரியர் வைத்திருப்பவர்களின் இலக்கத்தை ஒரு கடதாசியில் எழுதிக் காருக்குள் வையுங்கள். மாங்குளம் காட்டுப் பக்கம் நிற்கும்போது போனிலும் சார்ஜ் இருக்காது.