பயற்றங்காயில் புது ரகம் எடுப்பது: பத்தாங் பெர்ஜுந்தையில் என் பின்கட்டு முறை

என் அப்பா, லயத்து வீட்டுப் பந்தலில் தொங்கும் பயற்றங்காய்களில் ஆக நீளமான ஒன்றுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுவார். அது விதைக்கு. காய்ந்து சருகாகும் வரை யாரும் தொடக்கூடாது. குழம்புக்குப் பறிக்கப் போகும் அம்மாவும் அந்த நூலைப் பார்த்து ஒதுங்கிப் போவார். தோட்டத்தில் நாங்கள் இருந்த காலம் முழுக்க இது நடந்தது. வருஷா வருஷம் நீளமான காயின் விதைதான் ஊன்றினோம். காய் ஓர் அங்குலம்கூடக் கூடவில்லை.

ஏன் கூடவில்லை என்பது எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது. பயற்றம்பூ தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளும் பூ. இதழ் விரிவதற்கு முன்பே, மொட்டுக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். பல தலைமுறை இப்படியே போனால் ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் மரபில் ஒரே அச்சாகிவிடும். அதில் ஒரு காய் மட்டும் நீண்டிருந்தால், அந்தச் செடியின் அடியில் எரு கொஞ்சம் கூடுதலாக விழுந்திருக்கும், வெயில் நன்றாகப் பட்டிருக்கும். விதைக்குள் அந்த நீளம் போகாது. டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1903-ல் இதைப் பீன்ஸ் விதையை வைத்தே காட்டினார். ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரியதைத் தனியாக, சின்னதைத் தனியாக ஊன்றினார். இரண்டின் பிள்ளைகளும் சராசரியில் ஒரே அளவுதான் இருந்தன. ‘ஜீன்’ என்ற சொல்லை 1909-ல் கொடுத்தவரும் அவரே. அப்பாவின் உழைப்பில் ஒரு குறையும் இல்லை. பொறுக்கி எடுக்க அங்கே வேறுபாடு இல்லை, அதுதான் விஷயம். வேறுபாடு வேண்டுமென்றால் இரண்டு ரகத்தைக் கலக்க வேண்டும்.

கலக்கும் கைப்பழக்கம் எனக்குச் செம்பனையில், அதாவது எண்ணெய்ப்பனையில், வந்தது. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-ல் எங்கள் ஊர்ப் பக்கம்தான் தொடங்கியது. அதன் பெயர் தென்னமரம் எஸ்டேட், நம் சொல்தான். ஊரின் பெயரை பெஸ்தாரி ஜெயா என்று மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நான் ஒரு விதைத் தோட்டத்தில் பத்தொன்பது வருஷம் பை கட்டும் வேலை செய்தேன். டூரா மரத்தின் பெண் பாளை விரிவதற்கு முன்பே பையைப் போட்டு வாயை இறுக்கிக் கட்டுவோம். நேரம் வந்ததும் பிசிஃபெரா மகரந்தத்தை டால்கம் மாவில் கலந்து உள்ளே ஊதுவோம். டூராவின் கொட்டைக்குத் தடித்த ஓடு, பிசிஃபெராவுக்கு ஓடே இல்லை. இரண்டும் சேர்ந்து பிறக்கும் டெனெராவுக்கு மெல்லிய ஓடு, நிறையச் சதை, அதனால் எண்ணெயும் அதிகம். இந்த வித்தியாசம் எல்லாம் ஒரே ஒரு மரபணுவின் வேலை. 1981-ல் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்ட மகரந்த வண்டு ஒன்று பைக்குள் புகுந்தாலும் அந்தப் பாளை வீண். தாய் யார், தகப்பன் யார் என்று தெரியாததை நாங்கள் விதை என்றே சொல்ல மாட்டோம். பயற்றுக்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

பெற்றோரைத் தேர்ந்தெடுப்பது

நான் எடுத்த தாய், கடையில் பாக்கெட்டில் விற்கும் நீளப் பயற்றங்காய். காய் 60 சென்டிமீட்டர் வரும், விதை வெள்ளை, பூவும் வெளுப்பு. ஆனால் கறுப்பு அசுவினி வந்தால் மூன்றே நாளில் கொழுந்து சுருண்டுவிடும். தகப்பன், பழைய தோட்டத்துப் பாட்டி ஒருவர் வேலியில் விட்டு வளர்த்த தட்டைப்பயறு. காய் ஒரு சாண்தான், விதை செம்பழுப்பு, பூ ஊதா. பக்கத்துச் செடியில் எறும்பும் அசுவினியும் கூட்டமாக ஏறிக்கிடக்கும்போது இதன் கொழுந்து மட்டும் பளிச்சென்று நிற்கும். அதைப் பார்த்த அன்றே கைப்பிடி விதை கேட்டு வாங்கிவிட்டேன்.

பயற்றங்காயும் தட்டைப்பயறும் ஒரே இனம், 11 ஜோடி குரோமோசோம், தாராளமாகக் கலக்கும். பசாரில் புஞ்சிஸ் என்று கேட்டு வாங்கும் பீன்ஸுக்கும் 11 ஜோடிதான், ஆனால் அது வேறு பேரினம். அதோடு முயன்று நாளை வீணாக்காதீர்கள்.

வெளுத்த பூவைத் தாயாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஊதா ஓங்கு குணம், வெளுப்பு ஒடுங்கு குணம், இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தால் ஊதாதான் வெளியே தெரியும். கலப்பு சரியாக நடந்திருந்தால் பிறக்கும் செடி ஊதாப் பூ பூக்கும். தாய் தன்னையே கருவுற்றிருந்தால் வெள்ளையாகப் பூக்கும். உங்கள் கை பிசகியதா இல்லையா என்று செடியே சொல்லிவிடும்.

தாயையும் தகப்பனையும் ஒரே நாளில் ஊன்றாதீர்கள், ஒன்று முந்திப் பூத்து முடிந்துவிடும். தகப்பனைப் பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை ஊன்றினால் பூவுக்குப் பஞ்சம் வராது.

மாலை வேலை, காலை வேலை

வேண்டியவை: புருவ முடி எடுக்கும் கூர் இடுக்கி, தையல் ஊசி, சிவப்பு நூல், பென்சில், மார்ஜரின் டப்பாவில் வெட்டிய சீட்டுகள். வயதான கண்ணுக்கு ஒரு பூதக்கண்ணாடி.

மாலை ஐந்தரைக்கு மேல் பந்தலுக்குப் போங்கள். நாளைக்கு விரியப்போகும் மொட்டு எது என்று பழகினால் தெரியும். உப்பி, நுனி வெளிறி, பெரிய இதழ் இன்னும் மடங்கியே இருக்கும். சின்னப் பச்சை மொட்டு என்றால் மகரந்தத்தை ஏற்கும் நுனியான சூல்முடி தாங்காது. லேசாக வாய் திறந்த மொட்டு என்றால் காரியம் கைமீறிவிட்டது. அதே காம்பில் இருக்கும் மற்ற மொட்டுகளைக் கிள்ளிவிடுங்கள்.

மொட்டை இடது கையின் இரண்டு விரலுக்கு நடுவில், குழந்தையின் காதைப் பிடிப்பது மாதிரிப் பிடிக்க வேண்டும். இதழ்கள் சேரும் விளிம்பில் ஊசியால் மெதுவாகக் கீறி, பெரிய இதழைப் பின்னால் மடக்குங்கள். அப்புறம் இரண்டு இறக்கை இதழ்கள். அதற்கும் உள்ளே படகு மாதிரி ஓர் உறை. அதன் ஓரத்தைத் திறந்தால் வெள்ளைக் கம்பிகள் தெரியும், ஒவ்வொன்றின் தலையிலும் கடுகைவிடச் சின்ன மகரந்தப்பை. மொத்தம் பத்து. ஒன்பது சேர்ந்து இருக்கும், பத்தாவது தனியாக நிற்கும். அந்தப் பத்தாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துப் புறங்கையில் வைத்து எண்ணுங்கள். நடுவில் நிற்கும் சூல்தண்டு, நுனிக்குக் கீழே பிரஷ் மாதிரி மயிர் உள்ளது, அதை இடுக்கி தொடவே கூடாது. மஞ்சள் தூள் ஏற்கெனவே பறந்திருந்தால் அந்த மொட்டைக் கிள்ளி எறிந்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மனம் கேட்காது, ஆனாலும் எறியுங்கள். முடிந்ததும் இதழ்களை மறுபடி மூடி, சின்ன டேப் துண்டால் ஒட்டுங்கள். நூலைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போகலாம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு, பனி காய்ந்தும் காயாமலும் இருக்கும்போது, தகப்பன் செடியில் அன்று விரிந்த பூ ஒன்றைப் பறியுங்கள். வெயில் ஏறிவிட்டால் பூ மூடிக்கொள்ளும், அப்புறம் திறக்காது. இதழ்களைப் பின்னுக்குத் தள்ளிப் படகு உறையைக் கீழே அழுத்தினால் மஞ்சள் தூள் பூசிய நுனி வெளியே நீட்டும். அதுவே உங்கள் தூரிகை. தாயின் சூல்முடியில் இரண்டு மூன்று தடவை மெதுவாகத் தொட்டு எடுத்து, இதழை மூடி, சீட்டைத் தொங்கவிடுங்கள். சீட்டில் தாய், தகப்பன், தேதி. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தகப்பன் பூவைப் பறித்து டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, மாலையில் மகரந்தப்பை எடுத்த கையோடு தொட்டுவிடலாம். அதுவும் பலிக்கிறது.

எனக்கு முதல் வாரம் எட்டும் உதிர்ந்தன. இப்போது பத்துக்கு மூன்று நான்கு நிற்கின்றன. நான்காம் நாள் இதழ் வாடி, அதன் நடுவிலிருந்து பச்சை ஊசி மாதிரி ஒன்று எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கும் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

இரண்டாம் தலைமுறையில் பொறுமை

காய் காய்ந்ததும் விதையை ஊன்றினேன். ஆறு செடியில் ஐந்து ஊதாப் பூ, ஒன்று வெள்ளை. வெள்ளையைப் பிடுங்கிவிட்டேன். மீதி ஐந்தின் காயும் 30 சென்டிமீட்டரைத் தாண்டவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கச்சி வந்து பார்த்துவிட்டு, “ஏன்க்கா, இதுக்கா இவ்ளோ நாளு காத்துக்கிட்டு இருந்தீங்க?” என்று கேட்டாள். பலரும் நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். முதல் தலைமுறையில் பிள்ளைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பிரிவது அடுத்ததில்தான்.

அந்த ஐந்து செடியின் விதையில் 96 ஊன்றினேன். 71 ஊதா, 25 வெள்ளை. மெண்டல் பட்டாணியில் 5,474 உருண்டை, 1,850 சுருங்கல் என்று எண்ணிய அதே மூன்றுக்கு ஒன்று என் கால்வாய் ஓரத்தில் நின்றது. ஒடுங்கு குணம் ஒன்றுதான் வேண்டுமென்றால் நாலில் ஒரு செடி கிடைக்கும். இரண்டு சேர்ந்து வேண்டுமென்றால் 16-ல் ஒன்று, மூன்று என்றால் 64-ல் ஒன்று. காய் நீளமோ பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. பத்துச் செடி வைத்துக்கொண்டு எதிர்பார்த்தால் கிடைக்காது, நூறாவது வேண்டும். இடமில்லை என்றால் கூடப்பிறந்தவர்கள் வீட்டில் பிரித்து ஊன்றுங்கள்.

இந்தத் தலைமுறைக்கு மருந்து அடிக்கவே கூடாது. நான் அசுவினி பிடித்த கொழுந்தைக் கிள்ளி ஒவ்வொரு செடியிலும் வைத்தேன். பத்தாம் நாளில் செடிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டன. தட்டைப்பயற்றின் சில ரகங்களில் அசுவினியைத் தாங்கும் குணம் ஓங்கு குணமான ஒரே மரபணுவால் வருகிறது என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்கள். என் செடிகளிலும் தாங்கி நின்றவைதான் அதிகம்.

அதிலிருந்து பன்னிரண்டு செடியை எடுத்தேன். ஒவ்வொரு செடியின் விதையும் தனி உறை, கலக்கவே கூடாது. அடுத்த தடவை ஒரு செடிக்கு ஒரு வரிசை, வரிசைக்கு 15 விதை, இரண்டு ஓரத்திலும் தாய், தகப்பன் வரிசை. இப்போது தனிச் செடியைப் பார்க்காதீர்கள், வரிசையைப் பாருங்கள். ஒரு செடி எருவால் ஏமாற்றலாம், பதினைந்தும் சேர்ந்து ஏமாற்றாது.

வரிசையைத் தள்ளுவதற்கு எனக்கு அளவுகோலைவிட வாய்தான் உதவியது. காயை ஒடித்தால் டக்கென்று ஒடிய வேண்டும், நார் இழுத்துக்கொண்டு தொங்கக்கூடாது. தட்டைப்பயற்றிலிருந்து நார் வந்துவிடும். உப்புத் தண்ணீரில் மூன்று நிமிஷம் போட்டு எடுத்து, எண்ணெய் தாளிப்பு எதுவும் இல்லாமல் மென்று பார்ப்பேன். நான்காவது வரிசை 52 சென்டிமீட்டர் காய்த்தது, கண்ணுக்கு அவ்வளவு அழகு, மென்றால் சணல். அழித்துவிட்டேன். ஏழாவது வரிசை 48தான், ஆனால் பெரட்டலில் குழையாமல், இனிப்பாக, அசுவினி ஒட்டாமல் நின்றது.

ஒவ்வொரு தலைமுறையும் தன்னைத்தானே கருவுறும்போது கலப்பு நிலை, அதாவது தாய் வழி ஒன்றும் தகப்பன் வழி வேறொன்றுமாக இருக்கும் மரபணு ஜோடிகளின் பங்கு, பாதியாகும். இரண்டாவதில் 50 விழுக்காடு, பிறகு 25, 12.5, 6.25, ஆறாவதில் 3 சொச்சம். அப்போதுதான் ரகம் நிலைத்தது என்று மற்றவர்கள் கையில் கொடுக்கலாம்.

கோதுமைக்காரர்களும் இதே வழியில்தான் நடந்தார்கள். நம் ரொட்டி சானாய் மாவு வரும் கோதுமையும் தன்னைத்தானே கருவுறும் பயிர். ஒரு பூவில் மூன்றே மகரந்தப்பை, ஆனால் 42 குரோமோசோம். நார்மன் போர்லாக் மெக்சிகோவில், ஜப்பானின் நோரின் 10 என்ற குட்டைக் கோதுமையின் குணத்தைத் தன் ரகங்களில் சேர்த்தார். எரு போட்டாலும் சாயாத தண்டு வந்தது. வருஷத்துக்கு ஒரு தலைமுறை என்று காத்திருக்காமல், சொனோரா சமவெளியில் ஒரு போகம், தொலுக்கா மலைப்பக்கம் ஒரு போகம் என்று விதையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். அந்தக் கோதுமையை இந்தியாவில் வேரூன்ற வைத்தவர்களில் முன்னால் நின்றவர் கும்பகோணத்தில் பிறந்த எம். எஸ். சுவாமிநாதன். நமக்கு அந்த அலைச்சல் இல்லை. சிலாங்கூரில் குளிர்காலம் கிடையாது, விதையிலிருந்து விதைக்கு 80 நாள். வருஷத்தில் மூன்று தலைமுறை நிதானமாக எடுக்கலாம்.

என் இழப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நவம்பரில் சீட்டுகளை மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டேன். இரண்டு வாரம் விடாத மழை. வெயில் வந்து போய்ப் பார்த்தால் பதினான்கு வரிசையிலும் சீட்டு வெள்ளையாகத் தொங்குகிறது. அப்பன் பெயர் தெரியாத பதினான்கு வரிசை. எல்லாவற்றையும் பறித்துச் சமைத்துவிட்டு, மீதி உறையிலிருந்து மறுபடி ஊன்றினேன். அன்றிலிருந்து பென்சில்தான், கூடவே நோட்டுப் புத்தகத்தில் வரிசைப் படம். உறையில் பாதி விதையை எப்போதும் மிச்சம் வையுங்கள்.

பெரிய கருவண்டு பூவில் அமர்ந்து இதழைப் பிளக்கும், அதனால் அபூர்வமாக அந்நிய மகரந்தம் வரலாம். விதைக்கு விடும் காம்புக்கு, கல்யாணத்தில் மிட்டாய் போட்டுக் கொடுக்கும் வலைப்பையை மொட்டிலேயே மாட்டிவிடுங்கள். விதை, பல்லில் கடித்தால் பள்ளம் விழாத அளவுக்குக் காய வேண்டும். அதன்பின் இறுக்கமான புட்டியில் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்தால் பயற்று வண்டின் முட்டை சாகும். ஈரத்தோடு வைத்தால் விதையே செத்துவிடும்.

ஏழாவது வரிசை இப்போது ஐந்தாம் தலைமுறையைத் தாண்டியிருக்கிறது. தைப்பூசம் முடிந்த வாரம் ஆறாவதை ஊன்றுகிறேன், மூன்று வீடுகளில், வீட்டுக்கு இருபது விதை. உறைமேல் பென்சிலால் எழுதிவிட்டேன்: ஏழு, ஆறாம் தலைமுறை, மருந்து அடிக்காதீர்கள், நாராக இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.