உடலில் செம்பு மிகுந்தவர்கள்: தட்டிலும் பாத்திரத்திலும் குளிசையிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரத்தப் பரிசோதனைத் துண்டில் 'செம்பு குறைவு' என்று கண்டவுடன் மாட்டீரல் வாங்கிச் சமைத்துக் கொடுக்கத் தொடங்குவதுதான் இந்த விஷயத்தில் மிகவும் ஆபத்தான தவறு. மிஞ்சிய செம்பை ஈரல் வெளியேற்ற முடியாமல் உடம்பில் தேங்கவிடும் பரம்பரை நோயான வில்சன் நோய் உள்ளவர்களின் இரத்தத்தில் மொத்தச் செம்பு பெரும்பாலும் குறைவாகவே காட்டும். இரத்தத்தில் ஓடும் செம்பில் ஏறக்குறைய 90 வீதம் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தோடு சேர்ந்தே இருக்கிறது. இந்த நோயில் அந்தப் புரதம் குறைந்துவிடுவதால் அளவில் வரும் செம்பும் குறைகிறது. அதே நேரத்தில் ஈரலிலும் மூளையிலும் செம்பு படிந்துகொண்டே போகும். ஆகவே அந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு வீட்டில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். செருலோபிளாஸ்மின் அளவு (ஒரு டெசிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் சந்தேகம்), 24 மணி நேரச் சிறுநீரில் உள்ள செம்பு, கண் வைத்தியர் ஒளிக்கருவியால் பார்க்கும் கருவிழி ஓரத்துப் பழுப்பு வளையம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் வைத்தியர் சொல்வார்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. கர்ப்பகாலத்தில், கருத்தடைக் குளிசை எடுக்கும்போது, உடம்பில் கிருமித்தொற்றோ அழற்சியோ இருக்கும்போது இரத்தச் செம்பு தானாகவே ஏறும். அது செம்பு உடம்பில் தேங்கியதற்கான அடையாளம் ஆகாது. அதைக் கண்டு பயந்து, வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் ஒரு பெண் பருப்பையும் கீரையையும் நிறுத்தினால் தாய்க்கும் பிள்ளைக்கும் நட்டம்தான்.

யாருக்கு இந்தக் கவலை வேண்டும்

வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 0.9 மில்லிகிராம் செம்பு வேண்டும். மிஞ்சியதை ஈரல் பித்தத்தோடு குடலுக்கு அனுப்பி மலத்தில் வெளியேற்றிவிடும். நல்ல ஈரல் உள்ளவர் ஒரு நாள் நண்டுக்கறி சாப்பிட்டதால் செம்பு தேங்காது. தேக்கம் வருவது பித்தவழி அடைபட்ட சில ஈரல் நோய்களிலும், முக்கியமாக வில்சன் நோயிலும்தான். 1912இல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் வைத்தியர் விவரித்ததால் அந்தப் பெயர். செம்பைப் பித்தத்துக்குள் தள்ளும் ஏரிபி7பி என்ற மரபணு பழுதாவதே காரணம். ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வரும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் நோய் வரும். மாமன் மகள், மச்சான் என்று சொந்தத்துக்குள் முடித்த குடும்பங்களில் இந்த இணைவுக்கு வாய்ப்புக் கூட.

எனவே கீழே வரும் உணவுக் கட்டுப்பாடு நோய் உறுதியானவர்களுக்குரியது. மற்றவர்கள் பாத்திரங்களைப் பற்றிய பகுதியை மட்டும் கவனமாக வாசித்தால் போதும்.

தட்டில் நடப்பவை

முதல் தவறு, எல்லாக் கடல் உணவையும் ஒன்றாகச் சேர்த்து விலக்குவது. மட்டக்களப்பு வாவியில் பிடிபடும் மீனும் நண்டும் ஒரே கூடையில் வந்தாலும் செம்பு விஷயத்தில் அவை வேறு வேறு உலகம். நண்டு, இறால், கணவாய் ஆகியவற்றின் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. பச்சை நண்டை உடைக்கும்போது வடியும் நீர் சற்று நேரத்தில் இலேசாக நீலம் பாய்வது அதனால்தான். நண்டுச் சதை 100 கிராமில் ஏறக்குறைய 0.8 மில்லிகிராம் செம்பு இருக்கிறது. கணவாயில் வகையைப் பொறுத்து 0.6 முதல் 2 வரை, இறாலில் 0.3 அளவில் இருக்கும். மீனில் பெரும்பாலும் 0.1க்கும் கீழ்தான். பாரை, சூரை, கெளிறு, கணையான் என்று எந்த மீனையும் நோயாளி சாப்பிடலாம். மீனையும் சேர்த்து நிறுத்திவிட்டால் வளரும் பிள்ளைக்குப் புரதம் எங்கிருந்து வரும்?

அடுத்த தவறு இதன் தொடர்ச்சிதான். நண்டும் இறைச்சியும் வேண்டாம் என்று சொன்னதும் சோயாமீற் பைக்கற்றுக்கு மாறுகிறார்கள். எண்ணெய் நீக்கிய சோயா மாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 4 மில்லிகிராம் செம்பு உண்டு. உலர்ந்த சோயாமீற் 25 கிராம் ஒருவருக்கு என்று வைத்தாலே அன்றைய முழுத் தேவைக்கும் மேல் போய்விடும். அதைவிடக் கோழி இறைச்சியும் முட்டையும் எவ்வளவோ மேல்.

ஈரல் என்றால் எல்லா ஈரலும் ஒன்றல்ல. சமைத்த மாட்டீரல் 100 கிராமில் 14 மில்லிகிராம் அளவில் செம்பு. ஆட்டீரலும் அந்த வரிசையில்தான் வரும். கோழி ஈரலில் 0.5 மட்டும். ஆனாலும் சிகிச்சையின் முதல் ஆண்டில் எந்த ஈரலும் வேண்டாம் என்பதே பாதுகாப்பு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டுக்கு வரும் குர்பான் இறைச்சியில் ஈரலைத் தனியே பிரித்து எடுத்துவிட்டு, சதைப் பங்கைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம்.

ஒரு நாள் கணக்கைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். மூன்று வேளைக்குமாகச் சோறு 500 கிராம் (0.35), மீன் 100 கிராம் (0.05), அவித்த பருப்பு 100 கிராம் (0.25), தேங்காய்ப்பூ 30 கிராம் (0.13), கத்தரிக்காய் 100 கிராம் (0.06). எல்லாம் சேர்ந்து 0.84 மில்லிகிராம். நம்முடைய சாதாரணச் சாப்பாடு தேவையான அளவையே ஒட்டி நிற்கிறது. அதன்மேல் ஒரு கை மரமுந்திரிப் பருப்பு, அதாவது 30 கிராம் சேர்த்தால் இன்னும் 0.66 ஏறும். 20 கிராம் எள்ளுப் போட்ட உருண்டை ஒன்றில் 0.8. ஒரு நேரம் மாட்டீரல் 100 கிராம் என்றால் பதினாறு நாள் சாப்பாட்டின் செம்பு ஒரே தட்டில் வந்துவிடுகிறது.

மரமுந்திரிப் பருப்பு நம் பகுதியில் இனிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். வட்டிலப்பத்தில் மேலே தூவியது கண்ணுக்குத் தெரியும், உள்ளே அரைத்துச் சேர்த்தது தெரியாது. கொக்கோவும் அப்படித்தான். கொக்கோத் தூள் 100 கிராமில் 3.8 மில்லிகிராம் செம்பு இருப்பதால் கறுத்த சொக்லேற்றும் கொக்கோப் பானங்களும் விலக்க வேண்டியவை. காளானையும் நிலக்கடலையையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பயத்தில் பருப்பு, தேங்காய், கீரை என்று ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போவதும் தவறு. மேலே உள்ள கணக்கில் பருப்பும் தேங்காயும் சேர்ந்தே இருக்கின்றன. அவற்றை எடுத்துவிட்டால் மிச்சமாவது வெறுஞ்சோறு. பிள்ளை மெலிந்து போகும், ஈரலுக்கும் அது நல்லதல்ல. எருமைத் தயிரும் பாலும் செம்பு மிகக் குறைந்தவை. தாராளமாகக் கொடுங்கள்.

சாராயமும் கள்ளும் அறவே கூடாது. செம்பால் ஏற்கெனவே புண்பட்ட ஈரலை அவை இன்னும் கெடுக்கும்.

பாத்திரம்: நோய் இல்லாதவர்களுக்கும்

செம்புக் குடத்தில் இரவு முழுக்க நிறுத்திய தண்ணீர் நல்லது என்று ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. வில்சன் நோயாளி அதைத் தொடவே கூடாது. மற்றவர்கள் வெறும் தண்ணீர் குடிப்பதில் பெரிய கேடு இல்லை. கேடு வருவது புளிப்புச் சேரும்போதுதான். எலுமிச்சம்புளி, பழப்புளி, மோர், தயிர் எதுவானாலும் செம்பைக் கரைக்கும். புளியாணம் வைத்த பாத்திரம் உள்ளே பளபளவென்று மின்னினால், அந்த மேல்படலம் எங்கே போனது என்று யோசியுங்கள். ஆணத்துக்குள்தான் போயிருக்கிறது. பச்சைக் களிம்பு பிடித்த பாத்திரத்தை அலசாமல் பாவித்தாலும் இதே கதை. குடிநீரில் லீற்றருக்கு 2 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்த எல்லை. 3ஐத் தாண்டினால் சிலருக்கு வயிற்றுப் புரட்டலும் வாந்தியும் வரலாம்.

பித்தளையும் இதற்குள் அடங்கும், அதில் பெரும்பங்கு செம்புதான். உள்ளே வெள்ளீயம் பூசிய பாத்திரம் என்றால் பூச்சு தேயாதவரை பாதுகாப்பு. தேய்ந்த இடத்தில் மஞ்சளோ சிவப்போ தெரிந்தால் மறுபடி பூச வேண்டும். பூசுகிறவர் காரீயம் கலக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள், அது இன்னொரு நஞ்சு.

கைக்குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். இந்தியாவில் பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பாலைக் காய்ச்சி வைத்துக் குழந்தைகளுக்கு ஊட்டியதோடு தொடர்புபட்ட ஒரு ஈரல் சுருக்க நோய் இருந்தது. பாத்திரங்கள் மாற அந்த நோயும் அருகிப் போனது. பாலின் புரதம் செம்பை இறுகப் பற்றிக்கொள்ளும். குழந்தையின் பாலை எவர்சில்வரில் காய்ச்சுங்கள். தயிருக்கு நம் மண்சட்டியே போதும்.

கடைசியாக ஒன்று. தாமிர பற்பம் போன்ற நாட்டு மருந்துகள் செம்பிலிருந்தே செய்யப்படுபவை. ஈரல் நோய்க்கென்று யார் கொடுத்தாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்காமல் வாங்காதீர்கள். மல்ரி விற்றமின் போத்தல்களிலும் 1 அல்லது 2 மில்லிகிராம் செம்பு சேர்த்திருப்பார்கள், லேபலைப் பாருங்கள்.

குளிசை

சாப்பாட்டைக் கட்டுப்படுத்தி வில்சன் நோயைக் குணப்படுத்த முடியாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். உணவு துணை, மருந்துதான் சிகிச்சை, அதுவும் ஆயுள் முழுவதற்கும். உடம்பு நன்றாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்தியவர்களுக்குச் சில மாதங்களிலேயே ஈரல் செயலிழந்து உயிர் போகும் நிலை வரலாம். கர்ப்பகாலத்திலும் நிறுத்தக்கூடாது. அளவை மாற்றுவது வைத்தியரின் வேலை.

தேங்கிய செம்பைப் பிடித்துச் சிறுநீரில் வெளியேற்றும் மருந்தான பெனிசிலமைன் என்றால் சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்னர் அல்லது 2 மணி நேரம் பின்னர், வெறுந்தண்ணீரோடு விழுங்க வேண்டும். காலையில் பால்ரீயோடு சேர்த்து விழுங்குவது வழக்கமான பிழை. உணவோடு போனால் உடம்பில் சேரும் மருந்து பாதியாகிவிடும். இரும்புச்சத்துக் குளிசையும் வயிற்றெரிவு மருந்தும் அதே நேரத்தில் கூடாது. இதோடு தரும் விற்றமின் பி6ஐ 'வெறும் சத்துக் குளிசை' என்று ஒதுக்காதீர்கள். பெனிசிலமைன் அந்த விற்றமினைக் குறைப்பதால்தான் தருகிறார்கள். தொடங்கிய முதல் வாரங்களில் காய்ச்சல், தோல் தடிப்பு, சிறுநீரில் நுரை, நடுக்கம் கூடுதல் என்று எது வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள். நீங்களாக நிறுத்திவிட்டு அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம்.

இன்னொரு மருந்தான சிங்க் (துத்தநாகம்) வேறு வழியில் வேலை செய்கிறது. குடலின் உள்வரிக் கலங்களில் ஒரு புரதத்தைக் கூட்டி, வரும் செம்பை அங்கேயே பிடித்துவைக்கும். அந்தக் கலங்கள் சில நாட்களில் உதிரும்போது செம்பும் மலத்தோடு போய்விடும். வளர்ந்தவர்களுக்கு வழக்கமான அளவு 50 மில்லிகிராம் சிங்க், நாளுக்கு 3 தடவை, சாப்பாட்டிலிருந்து விலக்கி. இங்கே ஒரு எண் குழப்பம் உண்டு. சிங்க் சல்பேற் 220 மில்லிகிராம் என்று எழுதிய குளிசையில் உள்ள சிங்க் 50 மில்லிகிராம்தான். பெனிசிலமைனும் சிங்கும் இரண்டும் எழுதியிருந்தால் ஒன்றாக விழுங்கக்கூடாது, ஒன்றை மற்றது பிடித்துக்கொள்ளும். இடையில் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்பதைத் துண்டில் எழுதி வாங்குங்கள்.

நோய் இல்லாத ஒருவர் 'செம்பைக் குறைக்க' என்று தானாகச் சிங்க் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் செம்புப் பற்றாக்குறை வரும். இரத்தசோகை, வெள்ளை இரத்தக் கலங்கள் குறைவு, கால் விறைப்பு, நடை தடுமாற்றம் என்று அது வளரும். நரம்பில் வந்த பாதிப்பு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

நோன்பு மாதம் வருமுன்பே, ஷஃபான் மாதத்திலேயே, வைத்தியரிடம் போய் நோன்பு வைக்கலாமா, மருந்து வேளைகளை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகல் வேளைக் குளிசையை மட்டும் விட்டுவிட்டு முப்பது நாளை ஓட்டக்கூடாது. கந்தசஷ்டி விரதத்துக்கும் இதே பேச்சுத்தான்.

24 மணி நேரச் சிறுநீர்

இந்தப் பரிசோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் வீட்டில்தான். காலை 6 மணிக்குத் தொடங்குவதென்றால், அந்த 6 மணிச் சிறுநீரைக் கழித்து ஊற்றிவிட வேண்டும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு துளியும் போத்தலுக்குள். மறுநாள் 6 மணிக்குப் போவதும் உள்ளேதான். மலம் கழிக்கப் போகும்போது கூடவே போகும் சிறுநீர்தான் அதிகம் தவறுவது. முதலில் சிறுநீரைப் பிடித்துக்கொண்டு பிறகு மலம் கழியுங்கள். ஆய்வுகூடம் தந்த போத்தலை மட்டும் பாவியுங்கள், உலோகப் பாத்திரம் எதிலும் பிடிக்காதீர்கள். ஒரு தடவை தவறினாலும் அதை மறைக்காமல் சொல்லிவிட்டு, அடுத்த நாள் முதலிலிருந்து தொடங்கலாம்.

முடிவு வந்ததும் இன்னொரு பயம். பெனிசிலமைன் எடுக்கிறவரின் சிறுநீரில் செம்பு 200 முதல் 500 மைக்ரோகிராம் வரை இருந்தால் அது மருந்து வேலை செய்வதன் அடையாளம், உள்ளே இருந்தது வெளியே வருகிறது. சிங்க் மட்டும் எடுப்பவருக்கு 75க்குக் கீழ் இருக்க வேண்டும். ஒரே எண் ஒருவருக்கு நல்ல செய்தி, இன்னொருவருக்குக் குளிசை சரியாகப் போகவில்லை என்ற எச்சரிக்கை. ஒரே கிளினிக்கில் பக்கத்தில் இருப்பவரின் துண்டோடு உங்களுடையதை ஒப்பிடாதீர்கள்.

ஒரு பிள்ளைக்கு நோய் உறுதியானால் கூடப்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. விளையாடித் திரிகிற தம்பிக்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடாதீர்கள். அறிகுறி வருமுன் கண்டுபிடித்து மருந்து தொடங்கினால் ஈரலும் மூளையும் பழுதாகாமல் காக்கலாம். அடுத்த கிளினிக் நாளில் அண்ணன், தங்கச்சி எல்லாரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.